ஆறரை மணி கேட்

பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மேனேஜர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கேயும் மேனேஜர் இல்லை. பெயின்ட் கடையில் பில் போடுகிறவர். வீட்டில் ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதுவரை அவரே முடிவு செய்வதால் மனைவியும் மகளும் சேர்ந்து வைத்த பட்டப்பெயர் அது. அவருக்கும் அது பிடித்துப்போயிருந்தது.

"உனக்கு இன்னைக்கு நைட் டியூட்டி இருக்கு. சட்டுபுட்டுனு பாத்துட்டுக் கிளம்பிடணும்," என்றார் மனைவியிடம்.

அவள் நர்ஸ். மகள் பால்குடி மறந்த நாளிலிருந்து மாதத்தில் பாதி ராத்திரி அவளுக்கு ஆஸ்பத்திரியில்தான். இருட்டில் போவாள், விடிந்து வருவாள். கிளம்ப நேரமாகிவிட்டால் வீட்டில் முதலில் பதறுகிறவர் மேனேஜர்தான். அவளை நினைத்து அல்ல, லேட் மார்க் போட்டுவிடுவார்களே என்று.

மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. இரண்டிலும் வானியல்தான். ஒன்று நகரத்துக்கு நட்டநடுவில் இருந்தது. அங்கே தெருவிளக்கு வெளிச்சத்தில் நிலாவையே தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று இது. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு கடை கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. குன்றின் மேல் வெள்ளையடித்த கூண்டுக்குள் பெரிய டெலஸ்கோப் இருந்தது. சேர்வதா வேண்டாமா என்று நாளைக் காலைக்குள் சொல்லியாக வேண்டும். அதனால்தான் நேரில் பார்த்துவிடலாம் என்று மூன்று பேரும் கிளம்பி வந்திருந்தார்கள்.

சுற்றிக் காட்ட ஒரு இரண்டாம் வருஷத்துப் பெண் வந்தாள். அவளும் வானியல் மாணவிதான். ராப்பகலாகத் திறந்திருக்கும் லைப்ரரியைக் காட்டினாள், கேன்டீனைக் காட்டினாள், மைதானத்தைக் காட்டினாள். கடைசியில் குன்றின் மேல் கூட்டிக்கொண்டு போனாள். மகள் டெலஸ்கோப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றாள். அதைப் பார்த்ததும் நர்ஸ் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். எத்தனை தூரமானால் என்ன, என் பிள்ளைக்கு இடம் இதுதான்.

அப்புறம் பெண்கள் ஹாஸ்டலுக்கு வந்தார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே இரும்பு கேட். மேனேஜர் அதை விரலால் தட்டிப் பார்த்து, "நல்ல பெயின்ட்," என்று சான்றிதழ் கொடுத்தார்.

வார்டன் அம்மாள் சிரித்த முகத்தோடு எல்லாரையும் உட்கார வைத்தார். "சாயங்காலம் ஆறரைக்குப் பூட்டினா, காலையில ஆறுக்குத்தான் திறப்போம். யாரா இருந்தாலும் சரி. இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்கறதே இல்ல."

மேனேஜர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. "இதத்தான் மேடம் நான் தேடிட்டிருந்தேன்."

மகள் மெதுவாகக் கேட்டாள். "மேடம், டெலஸ்கோப் பிராக்டிகல் எப்ப நடக்கும்?"

"அது ராத்திரிதானேம்மா நடக்கும்."

"அப்ப நாங்க எப்படிப் போறது?"

"நீங்க ஏன் போகணும்? பசங்க போய் அளவெல்லாம் எடுத்துட்டு வந்துடுவாங்க. காலையில வாங்கி நோட்டுல எழுதிக்க வேண்டியதுதான். மார்க்ல ஒரு குறையும் வராது. சொல்லப்போனா, கையெழுத்து நல்லா இருக்கிறதால பொண்ணுங்களுக்கு ஒண்ணு ரெண்டு கூடவே விழும்."

நர்ஸ் வழிகாட்டிப் பெண் பக்கம் திரும்பினாள். "நீ அதுல பாத்திருக்கியாம்மா?"

"பாத்திருக்கேன் ஆன்ட்டி. ஒரு நாள் பகல்ல சூரியனக் காட்டினாங்க."

"நட்சத்திரம்?"

"அது பசங்க எடுத்த போட்டோ இருக்கும். நல்லாவே இருக்கும் ஆன்ட்டி."

அந்தப் பெண் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேன்டீனில் டீ நன்றாக இருக்கும் என்று சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். நர்ஸ் தன் வார்டை நினைத்துக்கொண்டாள். பக்கத்து வார்டு நர்ஸ் எடுத்த காய்ச்சல் அளவைத் தன் நோயாளிக்கு எழுதினால் அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே அதற்கு மார்க் போடுகிறார்கள். அதுவும் கூடப் போடுகிறார்களாம். வானத்தைப் படிக்க வந்த பிள்ளைகளை வானம் தெரிகிற நேரத்துக்குச் சரியாகப் பூட்டி வைக்கிற புத்திசாலித்தனம் எந்த மண்டையில் உதித்ததோ.

மேனேஜருக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. பேனாவை எடுத்துவிட்டார். "ரொம்ப நல்ல ஏற்பாடு மேடம். பொம்பளப் பிள்ளைக்கு இருட்டுல வெளிய என்ன வேலை? நாளைக்கு எதுக்கு, இப்பவே கையெழுத்துப் போட்டுடறோம். சீக்கிரம் கிளம்பணும், இவளுக்கு நைட் டியூட்டி இருக்கு."

எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. வழிகாட்டிப் பெண் தரையைப் பார்த்தாள். வார்டன் மேஜை மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"ஏங்க," என்றாள் நர்ஸ். "இப்ப என்ன சொன்னீங்க?"

"டியூட்டிக்கு நேரமாச்சுன்னேன்."

"அதுக்கு முன்னால."

மேனேஜர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. தெரிந்து சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

"பொம்பளைக்கு இருட்டுல வெளிய என்ன வேலைன்னு கேட்டீங்க. எனக்கு என்ன வேலைங்க? இத்தனை வருஷமா என்னை எதுக்கு அனுப்பி வெச்சீங்க?"

"உன் விஷயம் வேற. அது பொழப்பு."

"இவளுது?"

வார்டன் சமாதானத்துக்கு வந்தார். "சிஸ்டர், எல்லாம் பிள்ளைங்க பாதுகாப்புக்காகத்தான்..."

"எங்க வார்டுல ராத்திரி வேலை பாக்கறது அத்தனை பேரும் பொம்பளைங்க மேடம். எங்களை யாரும் பாதுகாப்பாப் பூட்டி வெச்சதில்ல. பூட்டியிருந்தா நோயாளிங்க கதி என்ன ஆகியிருக்கும்?"

பேனா மேனேஜர் சட்டைப்பைக்குத் திரும்பிப் போயிற்று.

வெளியே வந்ததும் நர்ஸ், தன்கூட வேலை பார்க்கிறவளுக்குப் போன் போட்டு, தான் வரும்வரை இருக்கச் சொன்னாள். கேட்டுக்கு எதிரே கிடந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். "இருட்டட்டும். குட்டி என்னத்தை வேணாம்னு சொல்லப் போறாளோ, இல்ல சரின்னு சொல்லப் போறாளோ, அதைக் கண்ணால பாத்துட்டுச் சொல்லட்டும்."

ஆறரைக்கு மணி அடித்தது. ராப்பகலாகத் திறந்திருக்கும் லைப்ரரியிலிருந்து பெண்கள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வளர்ந்த பெண்கள், ஓட்டுப் போடுகிற வயதுப் பெண்கள், ஒரு மணிச் சத்தத்துக்கு மூச்சு இரைக்க இரைக்க ஓடி வந்தார்கள். காவலாளி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

கொஞ்சம் கொஞ்சமாக இருட்டியது. மேலே வந்த வானத்தைப் பார்த்து மேனேஜரே கழுத்தை நிமிர்த்தினார். அவர்கள் ஊரில் இவ்வளவு நட்சத்திரம் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. மகள் ஒவ்வொன்றாக விரல் நீட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். குன்றுப் பாதையில் பையன்கள் ஃப்ளாஸ்க்கும் கையுமாக, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே டெலஸ்கோப் கூண்டின் கூரை திறக்கும் சத்தம் கரகரவென்று கேட்டது. மகளின் விரல் நின்றுவிட்டது.

"அம்மா, இந்த வானம் அங்க கிடைக்காதுல்ல?"

"கிடைக்காது குட்டி."

"இங்கயும் எனக்குக் கிடைக்காது." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அங்கயே சேந்துக்கறேன். சின்ன டெலஸ்கோப்தான், ஆனா ராத்திரி மொட்டை மாடிக்கு யாரும் பூட்டுப் போடறதில்லைனு அங்க படிக்கிற அக்கா சொன்னாங்க."

நர்ஸ் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளையின் முடிவு சரிதான். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. இவ்வளவு நல்ல வானத்தை வைத்துக்கொண்டு, பாவிகள், பாதிப் பேருக்கு இல்லை என்று ஆக்கி வைத்திருக்கிறார்களே.

பஸ் நிறுத்தத்துக்கு இருட்டில் நடந்தார்கள். கூட நடந்த மேனேஜர் தொண்டையைச் செருமினார். "பாப்பாவ வீட்டுல விட்டுட்டு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் துணைக்கு வரேன். தனியா எப்படிப் போவே?"

அவள் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்கு இன்னைக்குத்தான் இருட்டிச்சா?" என்று கேட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.