ஐரீன் காதில் மட்டும் கேட்டது

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எரிச்சலில். இதன் முந்தைய பிரதியோடு ஒரு பத்திரிகை ஆசிரியரை நேரில் போய்ப் பார்த்தேன். "ராயபுரத்தில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிற பெண்ணா? எவன் நம்புவான்? ஒரு ரவுடியைப் போடுங்கள், ஒரு கத்தியைப் போடுங்கள், பார்க்கலாம்" என்றார். ராயபுரத்தில் கத்தி மீன் வெட்டத்தான் அதிகம் பயன்படுகிறது என்றேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

'ராயபுரம் கடலில் மாலைச் சூரியன் மெல்ல மூழ்கிக்கொண்டிருந்தபோது, ஐரீன் தன் கிடாரை—'

[நிறுத்து. நம் ஊர்ச் சூரியன் கடலில் எழும், மூழ்காது. தினமும் இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவன் எழுதுகிற வாக்கியமா இது? எங்கோ படித்தது கையில் வந்துவிட்டது.]

'ஏழைப் பெண் ஐரீனின் மெலிந்த விரல்கள்—'

[ஐரீன் ஏழை இல்லை. என்னைவிடச் சம்பளம் அதிகம். விரல்களும் மெலிந்தவை அல்ல.]

இப்படியே போனால் கத்தியைப் போட்டுவிடுவேன் போலிருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2

ஐரீனும் நானும் துறைமுகத்துக்கு எதிரே ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். கப்பல் சரக்குக்குச் சுங்கக் காகிதம் தயாரிக்கிற இடம். அவள் டைப்பிஸ்ட், நான் குமாஸ்தா. என் பெயர் ராமசுப்பு. அப்பா தெற்கேயிருந்து வந்து இங்கே மளிகைக் கடை வைத்தவர். இந்தக் கதையில் எனக்கு வேறு வேலை இல்லை, கோபப்படுவதைத் தவிர.

அவள் அண்ணன் லியோனார்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். 'கடல் நட்சத்திரம் இன்னிசைக் குழு' அவனுடையது. கல்யாணம், மாதா திருவிழா, சங்க ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். கிடார் ஐரீன். அந்தக் கிடார் அவள் தன் சம்பளத்தில் வாங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், லியோனார்டுக்கு இது அடிக்கடி மறந்துபோகும்.

இப்போது சினிமாப் பாட்டுகளில் கிடாரின் குரல் மாறிவிட்டது. கரகரக்கிறது, குழந்தை மாதிரி 'வாவ் வாவ்' என்று அழுகிறது. காலால் மிதிக்கிற ஒரு பெட்டிதான் இதைச் செய்கிறது. பெட்டி இல்லாமல் வாசித்தால் கூட்டத்தில் எவனாவது, "இன்னாம்மா, கிடாருக்கு ஜொரமா?" என்று கத்துகிறான். அதனால் ஐரீன் தன் மாமன் மகன் பாஸ்கலிடம் சொல்லிவைத்தாள். பாஸ்கல் சரக்குக் கப்பலில் சமையல்காரன்.

பாஸ்கல் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினான். சின்னது ஒரே ஒரு வேலை செய்யும், குரலைக் கரகரப்பாக உடைக்கும். பெரியது ஜப்பான் சரக்கு. ஒரே பெட்டிக்குள் கரகரப்பு, அழுகை, அதோடு சைரன், கடலலைச் சத்தம்.* ஒன்று ஐரீனுக்கு, மற்றது பர்மா பஜாரில் ஓர் ஆளுக்குப் பேசியாகிவிட்டது. எது யாருக்கு என்று அவள் வாசித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அன்றைக்குப் பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் இறந்த நாள்.

* சைரனும் அலையும் கிடாரில் எதற்கு? செய்தவனுக்குத்தான் வெளிச்சம். லியோனார்ட் அதைப் பார்த்ததும், "அலை சத்தம்கூட கீதுமா!" என்று குதித்தானாம். "அலைய கேக்க பொட்டி எதுக்கு? ஜன்னல தொற" என்றாளாம் ஐரீன்.

3

தெரியாதவர்களுக்காக: பெரிய வியாழன் பூசையில் கோயில் மணி ஒருமுறை அடித்து ஓயும். அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவுவரை மணி இல்லை, ஆர்மோனியம் இல்லை. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். ஐரீன் வீட்டில் இன்னும் கெடுபிடி. ஆணி அடிக்கக்கூடாது, விசில் அடிக்கக்கூடாது. அவள் அம்மா வியாகுலம்மாள், கோயிலில் அந்த நாட்களில் சுரூபங்களை, அதாவது சிலைகளை, மூடுகிற மாதிரி ரேடியோவுக்கும் ஊதாத் துணி போட்டுவிடுவார்.

பாஸ்கலின் கப்பல் சனிக்கிழமை காலை கிளம்புகிறது. திங்களன்று திருவொற்றியூரில் ஒரு தொழிற்சங்க ஆண்டு விழாவில் கச்சேரி. ஆக, சத்தம் போடுகிற ஒரு பொருளைச் சத்தம் போடாமல் பார்த்து வாங்க வேண்டும்.

லியோனார்டுக்கு இது சிக்கலாகவே படவில்லை. பெரியதில் திருகுகிற குமிழ் அதிகம், ஆகவே பெரியது நல்லது. தவிர, அதைத் திங்களன்று மிதிக்கப்போவது ஐரீன் இல்லை என்று அவன் ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். எல்சி என்ற பெண்ணை அவனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். எல்சியின் அண்ணன் அம்புரோஸுக்குக் கிடார் வரும். மச்சானை மேடை ஏற்றிவிட்டால் கல்யாணம் சுமுகமாக நடக்கும். பெட்டி வந்ததும், "கால்ல பொட்டிய மிதிச்சிகினு நிக்கிறது பொம்பளைக்கு நல்லாவா கீது?" என்று ஆரம்பித்துவிட்டான்.

[லியோனார்டுக்கு முதலில் தடித்த மீசை வைத்து எழுதினேன். அவனுக்கு மீசையே கிடையாது. மழையில் ஆம்ப்ளிஃபயரைத் தலையில் சுமந்துகொண்டு, தங்கைக்குக் குடையைக் கொடுத்தவன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எழுத எவ்வளவு சௌகரியம்! நல்லவர்கள் செய்கிற அநியாயத்துக்குத்தான் கோபம் அடங்குவதில்லை.]

4

மத்தியானம் எல்லோரும் கஞ்சி குடித்து முடித்தார்கள். ஐரீன் ஊதாத் துணிக்குள் கையை விட்டு, ரேடியோவோடு வந்த காதுக் குமிழை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். காதில் செருகிக்கொள்கிற குமிழ், வெளியே ஓசை வராது. கிடார் கம்பி பெட்டிக்கு, பெட்டிக் கம்பி காதுக்கு. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, முதலில் சின்னது, அப்புறம் பெரியது.

[இங்கே அவள் கேட்ட சத்தத்தை எழுத வேண்டும். இடம் விட்டிருக்கிறேன்.]

லியோனார்ட் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான்.

"அடிப்பாவி! பெரிய வெள்ளி அதுவுமா இன்னாடி பண்ணிகினு கீறே?"

வியாகுலம்மாள் வந்தார். பாஸ்கலும் பின்னால் வந்தான்.

"வெளிய ஒண்ணும் கேக்கல அத்தே" என்றான் பாஸ்கல். "நான் இங்கதான நின்னுகினு இருந்தேன்."

"உன் காதுல கேக்கல. கர்த்தர் காதுல கேக்காது?" என்றான் லியோனார்ட்.

"கேட்டா நல்லதுதான். எந்த பொட்டி சோக்காக்கீதுன்னு அவரே வந்து சொல்லட்டும்" என்றாள் ஐரீன்.

வியாகுலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். லியோனார்ட் அவள் காதிலிருந்து குமிழை வெடுக்கென்று பிடுங்கினான். காது மடல் சிவந்துபோயிற்று. பாவம், நரகம், அப்பா இருந்திருந்தால் என்று ஒரு பாட்டம் கத்தினான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபமாலையைத் தேடிப் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"சரி, அது போவட்டும். ரெண்டுல எது நல்லா கீது?"

இந்த இடத்தில்தான் நான் பேனாவை மேசையில் அடித்தேன், நிப்பு வளைந்துவிட்டது. கேட்டது பாவமாம், ஆனால் கேட்டதில் கிடைத்த பதில் மட்டும் அவனுக்கு வேண்டுமாம்!

ஐரீனுக்குப் புரிந்துவிட்டது. எதை நல்லது என்று சொன்னாலும் அது அம்புரோஸின் காலுக்குக் கீழே போகும்.

"இன்னிக்கு பெரிய வெள்ளிண்ணா. வூட்ல சத்தம் கூடாது" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. பாஸ்கல் கொஞ்சம் முனகினான். "பொட்டி வேணும்னு சொன்னது ஐரீன். அது வாய தொறக்காம நான் எப்டி மாமு குடுக்கிறது?" லியோனார்ட் முறைத்தான், பாஸ்கல் கொடுத்துவிட்டான். பெரிய பெட்டி லியோனார்டுக்கு, சின்னது பஜாருக்கு. திங்களன்று ஐரீனின் கிடாரும் அம்புரோஸோடு திருவொற்றியூருக்குப் போயிற்று. இன்னும் அது திரும்பவில்லை. 'பழகுறதுக்கு' அவன் வீட்டில் இருக்கிறதாம்.

5

முடிவுகள்.

(அ) பத்திரிகை ஆசிரியருக்கான முடிவு: லியோனார்ட் மாதா சுரூபத்தின் முன்னால் அழுது மன்னிப்புக் கேட்கிறான். அல்லது கத்தியால் குத்துகிறான்.

(ஆ) எனக்குப் பிடித்த முடிவு: கச்சேரி நடுவில் அம்புரோஸ் தவறுதலாகச் சைரனை மிதித்துவிடுகிறான். முன்வரிசையில் இருந்த தொழிலாளிகள் ஷிப்டு முடிகிற சங்கு என்று நினைத்து டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிறார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஐரீன் மட்டும் உட்கார்ந்து—

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் படித்துக் காட்டினேன்.

"அப்டி ஒண்ணும் நடக்கல சார்" என்றாள். "அம்புரோஸ் நல்லாத்தான் வாசிச்சான். கைத்தட்டு காத பொளந்துச்சு. அதான் சார் எனக்கு கோவம். கலீஜா வாசிச்சிருந்தா சிரிச்சிட்டு வூட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்."

கையிலிருந்த தாளை மடித்து வைத்தேன். என் கோபம் எவ்வளவு மலிவான கோபம் என்று தெரிந்துபோயிற்று. அம்புரோஸை முட்டாளாக்கினால்தான் அவள் பக்கம் நியாயம் இருக்கும் என்று நானும் நினைத்திருக்கிறேன்.

"சரி, விடுங்க ஐரீன்" என்றேன். "கதையில் ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. சமையலறையில் உங்களுக்கு என்ன கேட்டது? ரெண்டில் எது நல்லாயிருந்தது?"

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"லியோனார்டும் இதத்தான் கேட்டான்" என்றாள்.

6

ஆகவே நான்காம் பகுதியில் அந்த அடைப்புக்குறி அப்படியே இருக்கும். நிரப்ப மாட்டேன்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். எவ்வளவு பெருந்தன்மை! அதையும் செய்ய மாட்டேன். பெட்டியை அண்ணன் தேர்ந்தெடுத்தான், வாசிக்கிற ஆளையும் அவனே தேர்ந்தெடுத்தான், கத்தியை ஓர் ஆசிரியர் தேர்ந்தெடுத்தார், சைரனை நான். மிச்சமிருப்பது ஒரு முடிவு. அதை உங்கள் கையில் கொடுக்க நான் யார், வாங்கிக்கொள்ள நீங்கள் யார்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் புளியந்தோப்புக்குப் போகிறாள். அம்புரோஸின் வீடு அங்கேதான். கிடாரைக் கேட்கப் போவதில்லை, எடுத்துவரப் போகிறாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நேற்று டைப்ரைட்டருக்கு உறை போட்டுக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னாள்.

நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? எழுதறதுக்கா?" என்றாள்.