கிழ ராஜா கேட்ட நாட்கள்

சனிக்கிழமைகளில், கலிபோர்னியாவில் நான் சமையல்காரனாக இருக்கும் மில்பிடாஸ் ஓட்டலைத் திறப்பதற்கு முன்பே மாளவிகா வந்துவிடுவாள். சான்டா கிளாராவில் கம்ப்யூட்டர் வேலை. கிரேக்கர்களின் பழைய யுத்தக் கதையை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தாள். எழுதியதை அடுப்படியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். நான் வெங்காயம் உரித்தபடி கேட்பேன்.

அன்று வாசித்தது டிராய் நகரத்துக் கிழ ராஜாவின் கதை. மகனைக் கொன்றவனுடைய கூடாரத்துக்கே போய், கொன்ற கையை முத்தமிட்டுப் பிணத்தைக் கேட்கிறார். அவனும் கொடுக்கிறான். காரியத்துக்கு எத்தனை நாள் வேண்டும், அதுவரை சண்டையை நிறுத்தி வைக்கிறேன் என்கிறான். பதினொரு நாள் என்கிறார் ராஜா.

“இந்த நாள் கணக்கு ரொம்ப டிரையா இருக்குண்ணா. கட் பண்ணிடட்டுமா?”

“வேண்டாம் அம்மணி. இருக்கட்டும்.”

“அழுகைக்கு நடுவுல லீவ் அப்ளிகேஷன் மாதிரி இருக்கே.”

“எத்தன நாள் வேணும்னு கொன்னவனே கேக்கறானல்லோ.”

அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

“எம் பையன் போயி இன்னிக்கு ஒம்பதாம் நாளுங்க அம்மணி. தாராபுரத்துக்கிட்ட, பைக்குல அடிபட்டு.”

அவள் பேனாவை மூடினாள். “ஊருக்குப் போகலையா?”

“கிரீன் கார்டு பேப்பர் உள்ள கெடக்குது. போனா திரும்பறது கஷ்டம்னு வக்கீல் சொல்லிட்டாரு. எடுத்ததப் போன்லயே பாத்தேன்.”

“ஓனருக்குத் தெரியுமா?”

“சொல்லலை.”

சொன்னால் தீட்டு என்று பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அடுப்பில் கைவைக்க விடமாட்டார். மூன்று கிரகப்பிரவேச ஆர்டர்கள் இருந்தன. வேலையில்லாமல் அறையில் உட்காரவும் பயமாக இருந்தது. மறைத்துவிட்டேன்.

கத்தியைக் கழுவி வைத்துவிட்டு முதலாளி கிட்டுசாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி செருகிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“புதன்கெழம குபெர்டினோ கிரகப்பிரவேசத்துக்குப் பொங்கல் நீதான வெச்ச, சேனாபதி?”

“நாந்தானுங்க.”

“அவங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது?”

ஊதுபத்திச் சாம்பல் தட்டில் விழுந்தது.

“பையனுக்கு என்ன வயசு?”

“இருவத்திமூணுங்க.”

என் பக்கம் திரும்பி, “எத்தன நாள் வேணும்?” என்றார்.

காரியத்தன்று ஒரு நாள் மட்டும் கேட்கத்தான் வந்திருந்தேன். “பதினாறு முடியற வரைக்குமுங்க. ஏழு நாள்.”

தலையாட்டினார்.

ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன். காருக்குள்ளிருந்து மாளவிகா, “அந்த நாள் கணக்கை எடுக்கலைண்ணா” என்றாள். சரி என்றேன்.

அறைக்குப் போய், எனக்கு மட்டும் ஒரு கைப்பிடி அரிசி களைந்து அடுப்பில் வைத்தேன்.