ஏழாம் பேலில் போன முடிவு

கிருபாபாய்க்கு அந்தக் கதையின் முடிவு கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. அது கைவிட்டுப் போக, டிபன் பாக்ஸ் கழுவிவிட்டு வரும் நேரம் போதுமாக இருந்தது.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் அவளுக்குப் பேக்கிங் வேலை. வெளுத்து வரும் துணியை மடித்து, கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு சீட்டு வைக்க வேண்டும். எந்தத் தறி, எத்தனை மீட்டர், யார் மடித்தது என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். கட்டுகளை மொத்தமாக அடுக்கி, கோணியில் பொதிந்து தைத்தால் அது ஒரு பேல். சீட்டு இல்லாத கட்டு திரும்பி வரும், கூடவே வசவும் வரும். சீட்டின் பின்பக்கம் மட்டும் சும்மா கிடக்கும். போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனியில், கதை எழுதுகிறவளுக்கு அதை விட்டால் வேறு காகிதம் ஏது? மத்தியானம் அதில் எழுதி, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் போனில் ஏற்றிக்கொள்வாள்.

வீட்டிலேயே உட்கார்ந்து எழுதலாமே என்று கேட்பவர்கள் அவள் வீட்டைப் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் பெலிக்ஸ் நல்ல மனுஷர்தான். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. ஆனால் அவள் பேனாவைத் திறக்கும் நிமிஷத்தில்தான் அவருக்குச் சட்டையில் பித்தான் இல்லாதது கண்ணில் படும். சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தாரோ, "கதையெல்லாம் எழுதுறியாமே, கிறிஸ்மஸுக்கு ஒரு நாடகம் எழுதிக் குடேன், சும்மா பத்து நிமிசம் வந்தாப் போதும்" என்பார்கள். பத்து நிமிஷ நாடகத்தைப் பத்தே நிமிஷத்தில் எழுதிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. இதுவரை ஐந்து கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட ஒரு பாட்டம் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இது ஆறாவது கதை. ஒரு சிறுகதைப் போட்டிக்கு இன்று இரவு எட்டு மணிக்குள் போனில் அனுப்பியாக வேண்டும். இதுவும் தேறாவிட்டால் இனிமேல் எழுதுவதே இல்லை என்று பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ணாத குறை. மற்றதெல்லாம் போனில் ஏறிவிட்டது. இன்று மத்தியானம்தான் எழுதித் தீர்த்த முடிவு மட்டும் ஏழு சீட்டுகளில், அவள் மேஜையில் கத்தரிக்கோலுக்கு அடியில் இருந்தது.

அவள் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்தபோது கத்தரிக்கோல் மட்டும் இருந்தது.

"யக்கா, ஒங்க சீட்டெல்லாம் நானே எழுதி வச்சிட்டேன்" என்றாள் பக்கத்து மேஜை இந்து. "நீங்க வர நேரமாச்சுல்லா, சூப்பர்வைசர் வைவாரேன்னு கட்டிக் குடுத்துட்டேன். ஏழாம் பேல்ல வச்சுத் தைச்சாச்சு."

"பின்னாடி எழுதியிருந்துச்சே, பாக்கலையாட்டி?"

"பாத்தேன். எப்பமும் எதாவது கிறுக்கி வச்சிருப்பியள்ல. சீட்டுன்னா முன்பக்கந்தானக்கா."

உபகாரம் செய்தவளை எப்படி வைவது? கிருபாபாய் தலையில் கை வைத்தபடி வெளியே ஓடினாள். வண்டி கிளம்பிப் போயிருந்தது. பேல்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பார்சல் செட்டுக்குப் போய், அங்கிருந்து லாரியேறி வடக்கே எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகும். மூன்று மாத முடிவை அங்கே யாரோ ஒரு நர்ஸ் கசக்கிக் குப்பையில் போடுவாள்.

அம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லை என்று பெர்மிஷன் கேட்டாள். அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒன்பது வருஷமாகிறது. பெர்மிஷன் கிடைக்கவே நாலரை மணியாகிவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே முடிவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நினைப்பில் அது பிரமாதமாகத்தான் இருந்தது. வார்த்தைதான் ஒன்றும் பிடிபடவில்லை.

பார்சல் செட்டில் நெற்றியில் திருமண்ணோடு பில் எழுதிக்கொண்டிருந்தார் நம்பி. செட்டுக்கு அவர்தான் பொறுப்பு.

"தைச்ச பேலப் பிரிக்கக் கூடாதும்மா. கம்பெனி லெட்டர் இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. என் தாளு ஏழு உள்ள மாட்டிக்கிடுச்சு."

"எடத்துப் பத்திரமா?"

"கதை. நான் எழுதுன கதையோட முடிவு."

நம்பி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எழுதுனதுதான? இன்னொருக்கா எழுதிர வேண்டியதான?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்துத்தான் வந்தாள். எதிர்பார்த்து என்ன, எரிச்சல் குறையவா செய்தது? சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டு நிற்பவளிடம், அதே சோற்றை இன்னொரு தரம் வடி என்று சொல்வதைப் போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏழாம் பேல் எங்கே என்று அவளே தேடக் கிளம்பிவிட்டாள்.

நம்பி இறங்கி வந்தார். "சரி, என்ன கதைன்னு சொல்லுங்க. நாளைக்கி யாரும் கேட்டா நானும் ஒரு பதில் சொல்லணும்லா."

லோடுமேன் சோணைமுத்து கத்தியும் கோணி ஊசியுமாக ஏழாம் பேலின் பக்கத்தில் வந்து குத்தவைத்தான். வேறு வழியில்லை. அவள் சொன்னாள்.

"மில்லுல வேல பாக்கா ஒருத்தி. அவ புருசன் திருப்பூருக்குப் போறேன்னுட்டுப் போனவன், பத்து வருசமா ஒரு தாக்கலும் இல்ல. ஒருநா மத்தியானம் வந்து வாசல்ல நிக்கான்."

"நிக்கானா" என்றார் நம்பி. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ ஒண்ணுங் கேக்கல. உள்ள கூப்ட்டு, தட்டு வச்சு, சோறு போட்டா. மீன் கொழம்பு. அவன் குனிஞ்ச தல நிமிராமச் சாப்டுதான். அவ கண்ணுல தண்ணி வருது. அதுல பத்து வருசமும் கரைஞ்சு போவுது. அம்புட்டுதான்."

சோணைமுத்து கோணி ஊசியைத் தரையில் வைத்தான். "அவன் சாப்ட தட்ட யாருக்கா கழுவுனா?"

"என்னது?"

"சாப்டான்லா. தட்டு கெடக்கும்லா. யாரு எடுத்தா?"

"அதெல்லாம் கதையில வராது."

"எப்படிக்கா வராது? எங்கூட்டுல நான் எடுக்கலன்னா ரெண்டு நாளைக்கு அங்ஙனதான் கெடக்கும்."

"அவதான்லே எடுத்திருப்பா. வேற யாரு?" என்றார் நம்பி.

"எடுப்பாளா அண்ணாச்சி? பத்து வருசம்."

"எடுக்காம? சோறு போட்டவ தட்ட எடுக்க மாட்டாளாக்கும்."

இரண்டு பேரும் தர்க்கத்தில் இறங்கிவிட்டார்கள். கிருபாபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் உயிரைக் கொடுத்து எழுதிய முடிவை விட்டுவிட்டு, இரண்டு ஆம்பிளைகள் ஓர் எச்சில் தட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். சோணைமுத்து மேல் கோபம் வந்தது. நம்பி மேல் அதைவிடக் கோபம் வந்தது. கடைசியில் அந்த ஏழு சீட்டுகள் மேல் வந்த கோபம்தான் அடங்கவில்லை. தட்டை யார் எடுத்தது என்று அவளுக்கும் தெரியாது. அந்தப் பெண் அடுத்து என்ன செய்வாள் என்று தெரியாமல்தான் கண்ணீரை வரவழைத்து மூடியிருக்கிறாள். கண்ணீரைப் போட்டு மூடினால் எல்லாக் கதையும் முடிந்ததாகத்தான் தெரியும்.

"பிரிக்கவாக்கா?" தையலில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டான் சோணைமுத்து.

"வேண்டாம்."

"இம்புட்டு நேரம் அழாத கொறையா நின்னியளேம்மா" என்றார் நம்பி.

"போகட்டும் அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கே போகட்டும்."

வீடு வந்து சேர ஏழாகிவிட்டது. பெலிக்ஸ் சாப்பிட்டு முடித்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நடுவீட்டில் தட்டு கிடந்தது. ஓரத்தில் கறிவேப்பிலையும் இரண்டு முள்ளும் காய்ந்துகொண்டிருந்தன.

"எங்கிட்டுப் போன இம்புட்டு நேரம்? அந்தத் தட்ட எடுத்துட்டு ஒரு காப்பி போடு, கிருபா."

பதினெட்டு வருஷப் பழக்கத்தில் அவள் குனிந்துவிட்டாள். விரல் தட்டில் பட்டது. அப்படியே விட்டுவிட்டு, அதற்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"காப்பி கேட்டேன்."

"செத்த நேரம் ஆகும்."

கதையில் அவன் சாப்பிட்டு முடித்தான். அவள் அழவில்லை. தட்டு கிடந்தது. அதற்கு மேல் ஓடவில்லை. மணி ஏழு நாற்பது, ஏழு நாற்பத்தைந்து. கிருபாபாய் போனிலிருந்து கண்ணை எடுத்துப் பெலிக்ஸைப் பார்த்தாள். அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்தால்தான் கடைசி வரி வரும். எடுத்துவிடு மனுஷா, ஒரே ஒரு தரம், என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கதைக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

காப்பி வராது என்று தெரிந்ததும் பெலிக்ஸ் எழுந்தார். தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கால் பெருவிரலால் தட்டைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, "யாராவது மிதிச்சிரப் போறாக" என்று சொல்லிவிட்டு, டீக்கடைக்குப் போக வாசலில் செருப்பைத் தேடினார்.

அதை அப்படியே கதையின் முடிவாகப் போனில் அடித்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஏழு ஐம்பத்தாறுக்குக் கதையை அனுப்பினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தட்டு சுவரோரம் கிடந்தது.