சட்டை மடிப்பில் வந்தது

படகுப் பட்டறையில் அவளுக்குச் சுரண்டி அக்கா என்று பெயர். பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். வேலையைப் பார்த்தால் சோறு இறங்காது. கரையேற்றிய படகுகளின் அடிப்பக்கத்தைச் சுரண்டுவதுதான் வேலை. அன்று வந்தது ஏதோ தூரக் கடலில் திரிந்த படகு. அடி முழுக்க மஞ்சள் சளியை அப்பி வைத்தது போல ஒரு சனியன் ஒட்டியிருந்தது. தகட்டை வைத்து இழுத்தால் தோல் தோலாக உரிந்து தொங்கி, முகத்தில் தண்ணீரைப் பீச்சியது. சீ! உதட்டில் பட்டதைத் துப்பித் துப்பியே அவளுக்கு நாக்கு வறண்டது.

மேற்பார்வையாளர் பத்தடி தள்ளி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "இது நம்ம கடல்ல இல்லாத ஜந்தும்மா. ஒரு துணுக்கு தண்ணியில விழுந்தா போதும், ஒட்டி வளந்துடும். அப்புறம் உன் வீட்டுக்காரரோட சிப்பியெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும்."

அவளுக்கா தெரியாது? வீட்டுக்கு எதிரே மிதவையில் கட்டித் தொங்கவிட்ட நாற்பது சிப்பிக் கயிறுகள்தான் குடும்பத்தின் பிழைப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, படகுக்கு அடியில் விரித்த தார்ப்பாயில் விழுந்த ஒவ்வொரு துணுக்கையும் பொறுக்கி டிரம்மில் அடைத்து, கரையில் புதைக்கும் குழிக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் கணவன் மறித்தான்.

"ஐயே, என்ன நாத்தம்! குடலைப் புரட்டுது. அந்தத் துணியோட உள்ள வராதே."

"குளியலறையில அலசிடறேங்க."

"வீடே நாறிடும். மிதவைகிட்ட போய்க் கடல்ல அலசிட்டு வா."

நாள் முழுக்கக் குனிந்த இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. கட்டினவனே அருவருத்தால் என்ன செய்வது? எல்லாத் துணுக்கையும்தான் டிரம்மில் போட்டாச்சே என்ற நினைப்பில், சுருட்டி விட்டிருந்த சட்டைக் கையின் மடிப்பைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே கடலில் அலசிப் பிழிந்தாள்.

மூன்று மாதம் கழித்து, சிப்பி எடுக்கப் போன கணவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். முழங்கை வரை மஞ்சள் சளி வழிந்தது. வழியிலேயே வாந்தி எடுத்திருந்தான்.

"எல்லாக் கயிறும் போச்சு. சிப்பி கண்ணுக்கே தெரியல. என்ன கருமம் இது?"

பார்த்ததுமே அவளுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"நான் சுரண்டினதுதாங்க. அன்னைக்கு என் சட்டையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அங்கதானே அலசச் சொன்னீங்க."

அவன் கையை உதறிக்கொண்டு கடல் பக்கம் திரும்பினான்.

"அங்க கழுவாதீங்க!" என்று கத்தினாள். "உள்ள வாங்க. வாளியில தண்ணி பிடிக்கிறேன்."

அவன் தன் கையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தான். வாசற்படியைத் தாண்டக் கால் வரவில்லை.

"நாறுதேம்மா."

"நாறட்டும், வாங்க" என்றாள்.