எதிர்வீட்டுக்குப் போன குழம்பு

வேனிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்ற பெருமாயிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

“என்னடா குமாரு இதெல்லாம்?”

“எனக்கும் தெரியலம்மா. பேசாம இரு,” என்றான் பழனிக்குமார்.

பூம்பாறைச் சாலையை ஒட்டிய அந்தக் காலனியில், இயக்கத்தின் மாவட்டத் தலைவர் சேனாதிபதி இன்று அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறார் என்று ஒரு வாரமாகப் பேச்சு. பெருமாயி வெள்ளனே எழுந்து மலைப்பூண்டுக் குழம்பும் பட்டாணிப் பொரியலும் செய்திருந்தாள். வந்தவர்களோ ஓட்டல் சோறு, சாம்பார், ரசம், இலை, தண்ணீர் பாட்டில் வரை கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

“அண்ணே, அம்மா சமைச்சிருக்காங்க. ஒரு கரண்டியாவது…” என்றான் பழனிக்குமார்.

“அண்ணன் பூண்டு சேக்குறதில்ல ஜி,” என்று கோகுல் குறுக்கே விழுந்தான். அவன்தான் இயக்கத்தில் படம் பிடிப்பவன்.

சேனாதிபதி சிரித்தபடி பழனிக்குமாரின் தோளில் கை போட்டார். “அம்மாவுக்கு எதுக்குத் தம்பி சிரமம்?”

அந்தக் கைக்காகத்தான் அவன் இயக்கத்துக்கே வந்தான். ஊர்த் தேர் வடத்தைக் காலனிப் பையன்கள் தொடக் கூடாது. டிப்ளமா முடித்துவிட்டுக் கொடைக்கானல் காட்டேஜ் ஒன்றில் பெட்டி தூக்கியவனை டூரிஸ்டுகள் சொடக்குப் போட்டுக் கூப்பிட்டார்கள். அவன் அப்பா திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, உடலை மலைக்குக் கொண்டுவர வண்டி பிடித்து, மயானம் வரை கூட வந்தவர்கள் இயக்கத்துப் பையன்கள்தான். அன்று அத்தனை பேர் பார்க்க சேனாதிபதி அவன் தோளில் கை போட்டு, “நாமெல்லாம் ஒண்ணுடா தம்பி” என்றார். அப்படி ஒரு பெரிய மனிதரின் கை அவன்மீது அதற்கு முன் பட்டதில்லை.

ஒன்றாக இருப்பதற்கு ஓர் எதிரி தேவைப்பட்டது. மதம் மாறியவர்கள் துரோகிகள் என்றார்கள். எதிர்வீட்டு லூர்தக்கா அவனைத் தூக்கி வளர்த்தவள், மாதாகோயிலுக்குப் போகிறவள். போன கிறிஸ்துமஸுக்கு அவள் கொடுத்தனுப்பிய கறிக்குழம்பை, அவள் வாசலில் நின்று பார்க்கும்போதே, தெருநாய்க்குக் கொட்டினான். கோகுல் வீடியோ எடுத்தான். பெருமாயி அன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

“அம்மா, இந்தக் கரண்டியப் பிடிங்க. அண்ணனுக்குப் பரிமாறுங்க. கொஞ்சம் சிரிங்கம்மா,” என்றான் கோகுல். ஓட்டல் கரண்டியால் ஓட்டல் ரசத்தை அவள் ஊற்றினாள். தங்கை காவ்யா, அவர்களோடு பந்தியில் உட்கார்ந்திருந்த அண்ணன் காதருகே குனிந்தாள்.

“ரசத்துல பூண்டு மெதக்குது பாரு.”

அவன் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு தின்றான்.

வேன் போனதும் எச்சில் இலைகள் மட்டும் மிஞ்சின. பெருமாயி சமைத்ததைத் தொடாதவர்களின் இலைகளை எடுக்க அவள் கைதான் வேண்டியிருந்தது. அதற்குள் போனில் படம் வந்துவிட்டது. ‘சகோதரன் வீட்டில், தாயின் கைமணத்தில் விருந்து!’

“அண்ணே, நம்ம சட்டி எங்கண்ணே படத்துல?” என்றாள் காவ்யா.

“வாய மூடுடி!” என்று கத்தினான். பிறகு அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்தான். “எனக்குப் போடும்மா.”

“நீதான் அவங்களோட உக்காந்து தின்னுட்டியே.” பெருமாயி குழம்புச் சட்டியை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். காவ்யா சோற்றுப் பானையோடு பின்னால் போனாள். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் ஓடி வந்து வழியை மறித்தான்.

“அங்க எதுக்கும்மா? அவங்க வாங்க மாட்டாங்க.”

“வாங்கி நாய்க்குக் கொட்டட்டுமே. கொட்டுறதுக்கு அவளுக்கு ஞாயம் இருக்குல்ல?” அவள் குரல் இறங்கியது. “அன்னைக்கே உன் கையப் பிடிச்சிருக்கணும். உள்ள ஒளிஞ்சு கெடந்தேன். சமைச்சவளுக்கு எப்பிடி இருக்கும்னு இன்னைக்கில்லடா தெரியுது.”

லூர்தக்கா கதவைத் திறந்தாள். சட்டியைப் பார்த்தாள். நடுத்தெருவில் நிற்கிறவனையும் பார்த்தாள். பெருமாயி இடுப்பிலிருந்த சட்டியை இறக்கி நீட்டினாள். லூர்தக்கா மூடியைத் தூக்கி முகர்ந்தாள்.

“பூண்டுக் கொழம்பா? ஆறிப்போச்சேடி. உள்ள கொண்டா, சுட வைப்போம்.” பிறகு தயங்கிக் கேட்டாள். “எத்தன தட்டு வைக்க?”

பெருமாயி திரும்பி மகனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

“மூணு போதும்க்கா.”

கதவு சாத்தப்படவில்லை. குழம்பு சூடாகும் வாசனை தெருவுக்கு வந்தது. பழனிக்குமாரின் போன் அதிர்ந்தது. சேனாதிபதி எழுதியிருந்தார்: ‘படம் சூப்பர் தம்பி. அடுத்து கிளாவரைப் பக்கம் இதே மாதிரி ஒரு வீடு பாத்து வை. அம்மா வயசானவங்களா இருந்தா நல்லது.’

‘சரிங்கண்ணே’ என்று பழக்கத்தில் விரல் அடித்துவிட்டது. அவன் அதை அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. எதிர்வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குமேல் கேட்கவில்லை.