நெஞ்சுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே

"தூக்கம் போதுமா இருந்துச்சா, குமகாய் சான்?"

"போதும்."

அகிதா பஸ் டிப்போவின் மாடி அறையில் காலை ஆறு பத்துக்கு இந்தக் கேள்வி வரும். குழாயில் ஊதிக் காட்டவேண்டும், மது இல்லை என்று அது சொல்லவேண்டும், பிறகு நேருக்கு நேர் நின்று இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். அப்புறம்தான் சாவி. முப்பத்தொரு வருடத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். குமகாயின் பதில் மட்டும் மாறவில்லை.

இப்போது அந்தப் பக்கம் இருப்பவள் தொகாஷி. டிக்கெட் கவுண்டரிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் மேலே வந்தவள். அவள் சாவியைத் தராமல் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"உங்க கை வேற மாதிரி சொல்லுதே. நேத்து ராத்திரி பிபி சராசரி நூத்தி ஐம்பத்தெட்டு. இதோட நாலு ராத்திரி."

"என் கை ஒண்ணும் சொல்லலை. அதுல நீங்க கட்டிவிட்ட பட்டை சொல்லுது."

"ஏழு ராத்திரியும் நூத்தி ஐம்பதைத் தாண்டினா..."

"தெரியும். செண்டாய் போற தூர லைன் போச்சு. ஆஸ்பத்திரி சுத்துல போட்டுடுவீங்க. கிழடுகளை ஏத்தி இறக்கிட்டுக் கிடக்கணும்."

"அடுத்த வருஷம் உங்களுக்கே அறுபது" என்றாள் தொகாஷி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல உங்க பக்கத்துல யார் தூங்குறாங்க?" என்று கேட்டாள்.

குமகாய்க்குக் காது சூடானது. "அதையும் இந்தப் பட்டைதான் கேக்கச் சொல்லுதா?"

அவள் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாவியை நகர்த்தினாள்.

மலைப்பாதையில் பனி ஒதுக்கும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தபடி அவர் அதையே நினைத்துக்கொண்டு போனார். பட்டையை முதலில் கட்டிக்கொள்ளச் சொன்னது யாரை? ஐம்பத்தைந்து தாண்டிய மூன்று பேரை. போன வசந்தத்தில் செண்டாய்க்கு ஒரு நடையைக் குறைத்தது யார்? இதே கம்பெனி. ஆளைக் கழிக்க நினைப்பவர்கள் கையில் எண்ணைக் கொடுத்தால் எண் எப்படி வரும்? அவர்களுக்குப் பிடித்த மாதிரிதான் வரும். பக்கத்தில் யார் தூங்குகிறார்கள் என்று கேட்டதும் அவருக்குச் சாதாரணமாகப் படவில்லை. பட்டையை வேறு யார் கையிலோ கட்டிவிடுகிறேன் என்று நினைக்கிறாளோ?

கையில் துணி சுற்றிக் காற்றடித்து அளக்கும் பழைய கருவி அவர் வீட்டில் இருந்தது. அதில் காலை மாலை இரண்டு வேளையும் நூற்று முப்பதைத் தாண்டியதில்லை.

"நீ சூப்ல உப்பைக் கூட்டிட்டியா?" என்று அன்று மாலை மனைவி ஃபுசாயேயைக் கேட்டார்.

"இப்ப என் மேலயா சந்தேகம்? தட்டுல முள்ளங்கி ஊறுகாய் எத்தனை துண்டுன்னு எண்ணுங்க அப்பா, மூணு. புது வருஷம் வரைக்கும் எட்டு." மகள் கல்யாணமாகிப் போய்ப் பத்து வருடமாகியும் ஃபுசாயே அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

"பக்கத்துல யார் தூங்குறாங்கன்னு கேக்குறா அந்தப் பொம்பளை."

"யாருமில்லைன்னு சொல்ல வேண்டியதுதானே. நான் அடுத்த அறைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. அந்தக் குறட்டையோட மனுஷி படுக்க முடியுமா? சத்தத்தையாவது பொறுத்துக்கலாம். திடீர்னு நிக்குமே, அதுதான்... எப்படா மறுபடி ஆரம்பிக்கும்னு காத்துக்கிட்டே கிடக்கணும்."

"பேச்சை மாத்தாதே" என்று தொகாஷி அச்சடித்துக் கொடுத்திருந்த தாள்களை விரித்தார். எல்லாவற்றையும் அவர்தான் கேட்டு வாங்கி வந்திருந்தார். கூடவே பட்டையோடு வந்த குறிப்பேட்டையும் முதன்முறையாக முழுக்கப் படித்தார்.

படிக்கப் படிக்க அவருக்கு வேண்டாவெறுப்பாக ஒரு மரியாதை வந்தது. இடது காறை எலும்புக்குக் கீழே ஒட்டியிருக்கும் வில்லை, இதயம் சுருங்கும் கணத்தில் எழும் சிறு மின்துடிப்பைப் பிடிக்கிறது. அந்தத் துடிப்பு தள்ளிவிட்ட ரத்த அலை கை வழியாக ஓடி மணிக்கட்டுக்கு வந்து சேரும்போது, பட்டையின் பச்சை விளக்கு அதைப் பார்த்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய கால் நொடி. அழுத்தம் ஏறினால் ரத்தக்குழாய் விறைக்கும், அலை சீக்கிரம் வந்துவிடும். இறங்கினால் குழாய் தளரும், அலை தாமதமாகும். பட்டை அழுத்தத்தை அளப்பதேயில்லை. தாமதத்தை அளந்துவிட்டு அழுத்தத்தை ஊகிக்கிறது.

இது அவருக்குத் தெரிந்த விஷயம். காற்றழுத்தத்தில் இயங்கும் பஸ் பிரேக்கை மிதித்த கணத்துக்கும் பின்சக்கரத்துக்குக் காற்று போய்ச் சேரும் கணத்துக்கும் நடுவே ஒரு தாமதம் உண்டு. ரப்பர் குழாய் சூட்டில் தொய்ந்திருந்தால் அது கூடும், குளிரில் விறைத்திருந்தால் குறையும். அதைக் காலிலேயே உணர்கிறவர் அவர்.

குழாய் குளிரில் விறைத்தால்?

குறிப்பேட்டின் நான்காம் பக்கத்துக்குப் போனார். முதல் நாள், பழைய கருவியால் அழுத்தத்தை அளந்து அந்த எண்ணைப் பட்டைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'இவ்வளவு தாமதம் என்றால் இவ்வளவு அழுத்தம்' என்று அது கற்றுக்கொள்வது அப்போதுதான். 'சுத்தமான தோலில் வில்லையை ஒட்டி, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து அளக்கவும்.'

சுத்தமான தோல் என்றால் குளித்த தோல். அந்த ஊரில் யாரும் அதை வேறு மாதிரி படிக்க மாட்டார்கள். அவரும் நாற்பத்திரண்டு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை கால்மணி நேரம் கிடந்து, நண்டு மாதிரி சிவந்து எழுந்து, வில்லையை ஒட்டிக்கொண்டு, அடியில் சூடேற்றிய கணப்பு மேஜையின் போர்வைக்குள் காலை விட்டு அமைதியாக உட்கார்ந்துதான் அளந்தார். நூற்றுப் பதினெட்டு. ஃபுசாயேயைக் கூப்பிட்டுக் காட்டக்கூடச் செய்தார்.

உடம்பின் குழாய்களெல்லாம் தளர்ந்து கிடந்த நேரம் அது. அதையே பட்டை இயல்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அவர் படுக்கும் அறையிலோ கணப்பு கிடையாது, மூச்சு விட்டால் புகை தெரியும். கை குளிர்ந்து குழாய் சுருங்கியதும் அலை முந்திக்கொண்டு வருகிறது. உடனே பட்டை அழுத்தம் ஏறிவிட்டதாக அலறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலையிலேயே ஆரம்பித்தார். பட்டை கட்டிய கையைக் கால்மணி நேரம் கணப்பு மேஜையின் போர்வைக்குள் வைத்தார்: நூற்று இருபத்து நான்கு. வாசலில் பனியைத் தொட்டபடி நின்றார்: நூற்று அறுபத்தொன்று. இரண்டு முறையும் பழைய கருவி நூற்று முப்பதை ஒட்டியே காட்டியது. துடிப்பின் எண்ணிக்கையையும் கழுத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தார். அது மட்டும் இரண்டு இடத்திலும் பிசகவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார்.

"பக்கத்து வீட்டம்மா பாக்கிறா" என்றாள் ஃபுசாயே உள்ளேயிருந்து. "பனிகிட்ட கை நீட்டி என்ன பிச்சை கேக்குறீங்கன்னு நினைப்பா."

"நினைக்கட்டும். நாளைக்கு அந்தத் தொகாஷி முகத்தைப் பாக்கணும் நான்."

திங்கட்கிழமை, ஏழாவது ராத்திரிக்கு மறுநாள் காலை, குழாயில் ஊதி முடித்ததும் தாளை மேஜைமேல் வைத்தார். தொகாஷி இரண்டு முறை படித்தாள். தேநீர்க் கோப்பையை அவர் கையில் கொடுத்து மணிக்கட்டோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பட்டையின் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்று தலை தாழ்த்தினாள்.

"எங்க தப்பு. குளிச்சிட்டு அளக்காதீங்கன்னு எழுதியிருக்கணும். இந்த ஏழு ராத்திரி பிபி கணக்குல வராது. மறுபடி இங்கேயே வெச்சுப் பட்டைக்குச் சொல்லிக்கொடுக்கலாம்."

சாவி இருந்த தட்டு அவர் பக்கம் நகர்ந்தது.

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. கெட்டியாக இன்னொரு ஆணியும் அடித்துவிடலாம் என்று தாள்களில் ஒன்றை உருவினார்.

"இது மட்டுமில்லை. இந்தப் பட்டையே கோளாறு. நாடிக்கோட்டைப் பாருங்க. தூங்குற மனுஷனுக்கு இப்படியா ஓடும்? ஐம்பத்திரண்டுக்கு இறங்குது, தொண்ணூறுக்குத் துள்ளுது, மறுபடி இறங்குது. ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒரு தடவை, ராத்திரி பூரா, ரம்பப் பல் மாதிரி."

தொகாஷி அந்தக் கோட்டைப் பார்க்கவேயில்லை. ஏற்கெனவே பார்த்தவள் மாதிரி இருந்தாள்.

"நாடியை எண்ணுறதுக்கும் குளிச்சதுக்கும் சம்பந்தம் உண்டா, குமகாய் சான்?"

"அதெப்படி? எண்ணிக்கை வெறும் எண்ணிக்கைதானே. சூடோ குளிரோ, ஒரு துடிப்புன்னா ஒண்ணு. நானே கழுத்துல..."

தாளில் தன் கையெழுத்திலேயே அது இருந்தது. எண்ணிக்கை பிசகவில்லை, இரண்டு இடத்திலும்.

கீழே கொட்டகையில் வண்டிகளைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஏதோ ஒரு வண்டியின் கம்ப்ரசர் ஓடி நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி ஓடி நின்றது. நிறுத்தி வைத்த வண்டியில், யாரும் பிரேக்கை மிதிக்காதபோது, காற்றடிக்கும் இயந்திரம் இப்படி விட்டுவிட்டு ஓடினால் அர்த்தம் ஒன்றுதான். எங்கோ காற்று போகிறது. குறைந்ததும் அது பதறிக்கொண்டு ஓடி நிரப்புகிறது.

திடீர்னு நிக்குமே, அதுதான்.

"நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே" என்றார். "பக்கத்துல யாருமில்லை. பதினோரு வருஷமா."

"ம்."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"சந்தேகம். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா பக்கத்துல படுக்கிறவங்களுக்குத்தான் தெரியும். பிபி எண்ணை நான் சரியாவே பாக்கலை. இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." தொகாஷி நேரே நிமிர்ந்து நின்றாள். குரல் மாறி, தினசரிக் குரலானது. "தூக்கம் போதுமா இருந்துச்சா, குமகாய் சான்?"

சாவி அவர் கைக்கு அரை அடி தூரத்தில் இருந்தது. போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிபி தாளைக் காட்டி எடுத்துப் போய்விடலாம். செண்டாய் நடைக்கு முப்பத்தாறு இருக்கை, அன்று எல்லாம் நிரம்பியிருந்தது.

குமகாய் தட்டை அவள் பக்கமே தள்ளினார்.

"கம்ப்ரசர் அப்படி ஓடுற வண்டியை நான் எடுத்ததில்லை. காத்து எங்க போகுதுன்னு பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

தொகாஷி மாற்று டிரைவருக்குப் போன் செய்தாள். பிறகு தூக்கத்தைச் சோதிக்கும் மருத்துவமனையின் எண்ணைச் சீட்டில் எழுதினாள். "ராத்திரி மூக்குல காத்து விடுற கருவி ஒண்ணு வெப்பாங்க. அதை ஒழுங்கா வெச்சுக்கிட்டா டாக்டர் சீட்டு குடுப்பார். லைனுக்குத் திரும்பிடலாம்."

"செண்டாய் லைனுக்கா?"

"செண்டாய் லைனுக்குத்தான்."

அவர் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். வெறுமையாக இருந்தது. அதை அவள் முன்னால் மறுபடி வைத்து, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"செண்டாய் லைனுக்குத்தான்னு சொன்னீங்களே, அதையும் எழுதிக் கொடுங்க" என்றார்.