வலக்காதில் பின்வெட்டு

எப்போது வந்தாய் என்று கேட்டவர்கள் அதே மூச்சில் எப்போது போகிறாய் என்றும் கேட்டார்கள். நேற்று விமானத்திலிருந்து இறங்கி, பேருந்து பிடித்து, சொந்த ஊர்ப் பள்ளத்தாக்கின் முகப்பிலிருக்கும் பெட்ரோல் பங்கில் கால் வைத்ததிலிருந்து ஸ்டெய்னார் ஏழு பேருக்குப் பதில் சொல்லியாயிற்று. பத்தொன்பதாம் தேதி. டிக்கெட் எடுத்திருந்தது நிஜம். போகிற எண்ணம்தான் இல்லை. ஒருவழி டிக்கெட்டோடு வந்திறங்கினால் அண்ணன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்து எடுத்த டிக்கெட் அது.

நார்வேயில் போய்ச் சேர இடமில்லை. கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் வெல்டிங் செய்த வலது தோள் போன வருஷம் மேலே எழும்ப மறுத்தது. பட்டறை கைகுலுக்கி அனுப்பிவிட்டது. பெண்டாட்டி விட்டுப்போய்ப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை இல்லை. ஆகஸ்டு கடைசியில் வாடகை வீட்டின் சாவியைக் கொடுத்தபோது மிச்சமிருந்ததெல்லாம் இரண்டு பைக்குள் அடங்கியது.

அவன் கேட்க வந்தது ஒன்றுதான். இந்தக் குளிர்காலம் இங்கேயே இருந்துகொள்ளட்டுமா? அதற்கப்புறமும்? நேற்றுச் சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. ஆடு பிரிக்கிற நாள் போகட்டும், நாலு பேர் முன்னால் வேலை செய்து காட்டிவிட்டுக் கேட்டால் கேட்பதற்கு ஒரு தெம்பு இருக்கும் என்று ஒத்திவைத்தான்.

அந்த நாள் விடிந்தது. ஐஸ்லாந்தில் செப்டம்பர் மழை மேலிருந்து விழாது. பக்கவாட்டில் வந்து காதுக்குள் போகும். மலை உச்சியில் புதுப் பனி படிந்திருந்தது. கோடை முழுக்க அங்கே கேட்பாரில்லாமல் மேய்ந்த ஆடுகளை நாலு நாள் குதிரையேறித் திரட்டி ஆற்றங்கரைப் பட்டிக்கு இறக்கியிருந்தார்கள். வட்டமான கல்பட்டி. நடுவில் ஒரு பெரிய களம், அதைச் சுற்றி வண்டிச் சக்கரத்து ஆரம் போல அறைகள், பண்ணைக்கு ஒன்று. களத்தில் ஆட்டைப் பிடித்து, காதைப் பார்த்து, கொம்பைப் பற்றித் தன் அறைக்கு இழுத்துப் போக வேண்டும். வேலை அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் ஆளைப் பிழிந்துவிடும்.

வாசலில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவன் கையை நீட்டி மறித்தான். "சுத்திப் பாக்க வந்தவங்க சுவர் மேல உக்காருங்க. உள்ள வந்தா முட்டி பேந்துரும், அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது."

ஸ்டெய்னார் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவனை விடுடா. எய்லீவூரோட சின்ன மவன்." பக்கத்துப் பண்ணை ஒட்கேர். எழுபத்தைந்தைத் தாண்டியவர், மூக்குப்பொடிக் குப்பியைப் புறங்கையில் தட்டிக்கொண்டு நின்றார். "என்ன நார்வேக்காரா, ஆட்டைப் பிடிப்பியா, இல்ல பத்தவைப்பியா?"

"முதல்ல பிடிக்கிறேன். கால் உடைஞ்சா பத்தவைக்கிறேன்."

"எப்பப் போற?"

எட்டாவது ஆள்.

உள்ளே அண்ணன் பெர்கூர் ஏற்கெனவே தொடைவரை சேறு அப்பி நின்றான். அறுபத்திரண்டு வயது, எருமைக் கழுத்து. தம்பியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். அண்ணி வல்தீஸ் அவர்கள் பண்ணை அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆடு வரும்போது திறக்க வேண்டும், அடுத்த நொடி மூட வேண்டும், அதுதான் அவள் வேலை. "தோளை ஒடச்சுக்காதீங்க கொழுந்தனாரே, ஆஸ்பத்திரி தொண்ணூறு கிலோமீட்டர்" என்றாள்.

முதல் ஆடு அவனை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தியது. சுவரில் வரிசையாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். இரண்டாவது ஆட்டில் உடம்புக்கு ஞாபகம் வந்தது. கொம்பை இடது கையில் பிடிக்க வேண்டும். இரண்டு தொடைக்கும் நடுவே ஆட்டை இடுக்க வேண்டும். நடக்கக் கூடாது, ஆட்டையே நடக்கவிட்டுத் திசையை மட்டும் கொடுக்க வேண்டும். ஐந்து, ஆறு, ஒன்பது ஆடு கொண்டுவந்தான். தோள் உள்ளே நெருப்புத் துண்டு மாதிரி கனன்றது. வல்தீஸ் கதவைத் திறந்தபடி, "அட, பரவாயில்லையே" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் பத்து இழுக்கலாம் போலிருந்தது.

இப்போது எல்லா ஆட்டின் காதிலும் எண் போட்ட மஞ்சள் வில்லை தொங்குகிறது. சின்னவர்கள் வில்லையைத்தான் படிக்கிறார்கள். ஸ்டெய்னாரின் கண்ணாடி மழையில் நீர் வழியும் ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதுவும் தவிர, எய்லீவூர் வீட்டில் எவனும் வில்லை பார்த்து ஆடு பிரித்ததில்லை. விரலால் காதைத் தடவினால் போதும். அப்பாவின் குறி இடக்காதில் நுனிவெட்டு. அதோடு வலக்காதின் முன்விளிம்பில் ஒரு கொத்து இருந்தால் பெர்கூருடையது. பின்விளிம்பில் இருந்தால் ஸ்டெய்னாருடையது. பதினாலு வயதில், தேவாலயத்தில் பெரியவனாகச் சேர்த்துக்கொள்ளும் திடப்படுத்தல் சடங்கு முடிந்த வாரத்தில், அப்பா ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவனையே வெட்டச் சொன்னார். யார் குறி எது என்று பதியும் ஊர்ப் புத்தகத்தில் அவன் பெயர் அச்சில் ஏறியது. அவன் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான்.

பன்னிரண்டாவதாகப் பிடித்தது சாம்பல் நிறத் தாயாடு. இடக்காதில் நுனி இல்லை. வலக்காதில் விரல் முன்விளிம்பில் வழுவழுவென்று ஓடியது. பின்னால் போனது. கொத்து.

கை அப்படியே நின்றது. இன்னொரு தடவை தடவினான். பக்கத்தில் ஒட்டி நின்ற குட்டிகள் இரண்டையும் பிடித்துப் பார்த்தான். அதே வெட்டு. இந்த வருஷத்துக் குட்டிகள், இந்த வசந்தத்தில் வெட்டிய காது.

முப்பத்தொரு வருஷம். இவன் ஒரு கிறிஸ்துமஸுக்குப் போன் போட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்குப் போடமாட்டான். அம்மா சாவுக்கு வந்தவன் மூன்றாம் நாள் கிளம்பிவிட்டான். அதற்கெல்லாம் ஒரு வார்த்தை கேட்காத அண்ணன், வாயே திறக்காமல், தம்பி பெயருக்கு ஆடு வைத்து வளர்த்திருக்கிறான். நேற்று மேசையில்கூடச் சொல்லவில்லை. பெர்கூர் அப்படித்தான். சொல்லமாட்டான், செய்வான்.

மூன்றையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனான். தோள் வலிக்கிறதா என்றே தெரியவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வாய்க்குள் தானாக உருமாறிக்கொண்டிருந்தது. இருக்கட்டுமா என்று ஏன் கேட்க வேண்டும்? என் ஆட்டை நானே பார்த்துக்கறேன் என்று சொன்னால் போதாதா? கொட்டகை மேலே இருக்கிற அறை போதும். அடுப்பு அவனே செய்துகொள்வான்.

வல்தீஸ் மூன்றாவது ஆட்டுக்குக் கதவைத் திறக்கும்போது காதைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "ஸ்டெய்னார்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் இன்னொரு குரல் சுவருக்கு மேலிருந்து வந்தது.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க. அந்த மூணும் என்னுது."

நாற்பது வயசுப் பெண். கம்பளிச் சட்டை, முழங்கை வரை சேறு, பின்னல் ஈரத்தில் கயிறாகத் தொங்கியது. உல்ரிக்கே. ஜெர்மனியிலிருந்து குதிரை பார்க்க வந்தவள். பதினோரு வருஷமாக ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையை வாங்கி நடத்துகிறாள் என்று வரும் வழியில் பேருந்து ஓட்டுநர் சொல்லியிருந்தார்.

"இது எங்க வீட்டுக் குறி" என்றான் ஸ்டெய்னார். "நீங்க புதுசு. தடவிப் பாருங்க. பின்வெட்டு. அது என்னுது. எனக்கு எங்கப்பா குடுத்தது."

"பின்வெட்டுதான். தெரியுமே, நான்தானே வெட்டினேன்." அவள் குரலில் சண்டை இல்லை. ஆட்டின் காதை மடக்கி வில்லையைக் காட்டினாள். "பாருங்க, என் பண்ணை நம்பர்."

"வில்லை தப்பா மாட்டியிருப்பீங்க."

"மூணுக்குமா?"

சுவர் மேலிருந்து ஒட்கேர் சிரித்தார். "அடேய், நார்வேயில இருந்து ஆடு திருட வந்தியா? இங்கேயே அதுக்கு ஆள் இருக்கோம்டா." நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. தெரியாதவன் அவன் ஒருவன்தான்.

பெர்கூர் ஒரு கிடாவை இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். என்ன என்று கேட்கவில்லை. மூன்று ஆட்டையும் பார்த்தான், தம்பியைப் பார்த்தான்.

"குறி அவளுதுதான்" என்றான். "எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை புத்தகம் புதுசா அடிக்கிறாங்க. வச்சுக்கணும்னா கையெழுத்துப் போட்டு அனுப்பணும். உனக்கு ரெண்டு தடவை தாள் அனுப்பினேன். ரெண்டும் திரும்பி வந்துருச்சு."

"வீடு மாறிட்டேன்."

"மாறிட்டேன்னு நீ சொன்னாத்தானே தெரியும். குறி சும்மா கிடந்துச்சு. அவ கேட்டா. எடுத்துக்கன்னேன்."

கிடா துள்ளியது. பெர்கூர் அதன் மூஞ்சியில் ஒரு அடி போட்டான். அவ்வளவுதான் விளக்கம்.

உல்ரிக்கே முகம் சிவந்து நின்றாள். "எனக்கு இது தெரியாதுண்ணே. கேட்பாரில்லாத குறின்னாங்க. வேணும்னா அடுத்த புத்தகத்துல உங்க பேருக்கே மாத்திக் குடுத்துடறேன். நிஜமாத்தான் சொல்றேன்."

"மாத்தி என்ன பண்ண?" என்றான் ஸ்டெய்னார். "வெட்டின காதை ஒட்டவா முடியும். நல்லா வெட்டியிருக்கீங்க. நானே இவ்வளவு சுத்தமா வெட்டினதில்ல."

மூன்றையும் அவனே திருப்பி இழுத்துப் போனான். களத்துக்குக் குறுக்கே, எல்லாருக்கும் நடுவே, அவள் அறை வரைக்கும். உதவிக்கு வந்தவளைத் தள்ளி நிற்கச் சொன்னான். இப்போது தோள் வலித்தது. தாயாடு ஒரு தடவை முட்டிபோட்டு உட்கார்ந்துகொண்டது. அது எழுந்திருக்கும் வரை மழையில் அதன் மேல் குனிந்தபடி நின்றான்.

நண்பகலில் களம் காலியானது. டிராக்டர் டிரெய்லரில் பெரிய பாத்திரம் வைத்து ஆட்டிறைச்சி சூப் ஊற்றினார்கள். சிலர் தோளில் கைபோட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் டிரெய்லரின் காற்று மறைவில் நின்று குடித்தார்கள். இனி நல்ல நேரம் என்று ஒன்று வராது என்று ஸ்டெய்னாருக்குத் தெரிந்தது.

"நான் திரும்பிப் போகலாம்னு வரல" என்றான். "பட்டறையில அனுப்பிட்டாங்க. வீட்டையும் விட்டுட்டேன். கொட்டகை மேல இருக்கற ரூம்ல இருந்துக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

பெர்கூர் ஒரு உருளைக்கிழங்கை மென்று முடித்தான். "எவ்வளவு நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்ல."

"மூணு தடவை தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னத பாத்தேன். அதுவும் இன்னிக்குப் பாதி நாள்தான் வேலை. நவம்பர்ல இருந்து மே வரைக்கும் தினமும் ரெண்டு வேளை தீனி இழுக்கணும். உன்னால ஆகாது. வெறுமனே ஜன்னல்ல உக்காந்திருக்க ஒரு கிழவன் வேணும்னா, அதுக்கு நானே இருக்கேன்." குரலைக் கொஞ்சம் இறக்கினான். "வசந்தத்துல எம்மவ அஸ்தா வர்றா. புருஷன், பிள்ளைங்களோட. பண்ணையை அவங்க எடுத்துக்கறாங்க. அந்த ரூமை இடிச்சு அவங்களுக்குப் பெருசாக் கட்டறோம். மரம் வந்து இறங்கியாச்சு."

"சரி."

"நீ முன்னாடியே சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?"

பெர்கூர் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "ஒண்ணும் மாறியிருக்காது" என்றான். "ஆடு வெட்டற வாரம் வரைக்கும் இரு. வல்தீஸ் ஆட்டு ரத்தத்தை இரைப்பையில அடைச்சு வேகவைப்பா. உனக்குப் பிடிக்கும்ல."

"பிடிக்கும்."

பெர்கூர் சூப் கிண்ணத்தை அவன் கையிலிருந்து வாங்கிப் போய், கேட்காமலேயே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். ஸ்டெய்னார் அதையும் குடித்தான். சூடாக இருந்தது.

மூன்று மணிக்கு மந்தைகள் கிளம்பின. குதிரை இருந்தவர்கள் குதிரையில், இல்லாதவர்கள் நடந்து, அவரவர் ஆட்டுக்குப் பின்னால். ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஸ்டெய்னாரிடம் ஒரு மஞ்சள் மேல்சட்டையைக் கொடுத்தான். "உங்களுக்கு ஆடு ஓட்டற வேலை இல்லைதானே? பாலத்துக்கிட்ட நின்னு காரை நிறுத்துங்க. எல்லாம் தாண்டினதும் விடுங்க."

நின்றான். பாலத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. உல்ரிக்கேயின் மந்தை இடப்பக்கம் திரும்பியது. அவள் குதிரை மேலிருந்து தலையை ஆட்டினாள், அவனும் ஆட்டினான். ஒட்கேர் போனார், பாடிக்கொண்டே. கடைசியாக பெர்கூரின் மந்தை வலப்பக்கம் போனது. பெர்கூர் முன்னால் ஜீப்பில், வல்தீஸ் பின்னால் நடந்து. "சூடா காபி வைக்கிறேன், வந்துருங்க" என்று கத்தினாள். எப்படி வருவான் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை, ஜீப் திருப்பத்தில் மறைந்துவிட்டது. வீடு அங்கிருந்து நாலு கிலோமீட்டர்.

நிறுத்தி வைத்திருந்த ஆறேழு கார்களும் என்ஜினைக் கிளப்பின. அவன் கையை இறக்கப் போனபோது பாலத்தின் அந்தக் கோடியில் ஒரு ஆடு வந்தது. பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி, கூட்டத்தைத் தவறவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடு அவனைத் தாண்டி வலப்பக்கம் திரும்பியது. அதற்கு வழி தெரிந்திருந்தது.

ஸ்டெய்னார் கையை இறக்காமலேயே அதன் பின்னால் நடந்தான், ரோட்டின் நட்டநடுவில். முதல் கார் ஒரு தடவை மெல்ல ஹாரன் அடித்தது. சற்றுப் பொறுத்து, இன்னொரு தடவை. அவன் ஒதுங்கவில்லை. ஆடு நின்றால் நின்றான், அது போனால் போனான்.